செம்மண் பொட்டலில் ஆல் வீல் டிரைவ் காரைச் சறுக்கி வளைப்பது எப்படி: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

ஆல் வீல் டிரைவ் கார் வாங்கினவர்கள் பெரும்பாலும் முதலில் செய்து பார்க்கிற காரியம் ஒன்று உண்டு. கிராவல் பாதையில் ஒரு வளைவுக்குள் வேகமாகப் போய், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பி, ஆக்சிலேட்டரை மிதிப்பது. நாலு சக்கரமும் இழுக்கிறதே, வண்டி வால் வீசி அழகாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பு. நடப்பது வேறு. முன்சக்கரங்கள் திரும்பித்தான் நிற்கும், வண்டி மட்டும் நேராகக் கருவேல வேலியைப் பார்த்துப் போகும். மிதிக்க மிதிக்க இன்னும் நேராகப் போகும்.

இதற்கான காரணம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் சறுக்கலைத் தொடங்கிவைப்பது பிரேக்கும் எடையும்தான். ஆக்சிலேட்டருக்கு அதில் வேலை கிடையாது. அதன் வேலை, தொடங்கின சறுக்கலிலிருந்து வண்டியை இழுத்து வெளியே கொண்டுவருவது. அதாவது சறுக்கல் வளைவுக்குள் ஆரம்பிப்பதில்லை, வளைவுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வண்டி சரியில்லை, டயர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்து மண்ணைப் போல இதைக் கற்றுக்கொள்ளத் தோதான மண் கிடைப்பது கஷ்டம். கீழே கெட்டியான செம்புராங்கல் தரை, மேலே குறுமணிச் சரளை. முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே சறுக்கும். குறைந்த வேகத்தில் சறுக்குவதுதான் கற்பவருக்குப் பெரிய பாதுகாப்பு. நல்ல தார் ரோட்டில் இதே உணர்வு வர வேண்டுமென்றால் வேகம் மிக அதிகமாக வேண்டும், அந்த வேகத்தில் தப்பினால் விளைவும் பெரிது.

இடம்

ரோட்டில் கூடாது. திருச்சி–ராமநாதபுரம் சாலையில் மட்டுமல்ல, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்தில் ஆளரவமில்லாமல் கிடக்கிற அகலத் தெருக்களிலும் கூடாது. பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்துத் தெரு காலி என்று நினைத்துவிடுவோம். ஏதோ ஒரு கதவு திறந்து ஓர் ஆச்சி படியிறங்க ஒரு நொடி போதும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கும், 189ஆம் பிரிவு பொது இடத்தில் ரேஸ் விடுவதற்கும் தண்டனை சொல்கிறது. அது போக, உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ரேஸ், வேகப் பரிசோதனை போன்ற உபயோகம் பாலிசியில் சேராது என்று ஒரு வரி இருக்கும்.

அடுத்து எல்லாருக்கும் தோன்றுவது கண்மாய். சித்திரை வைகாசியில் வற்றிக் கிடக்கிற உள்வாயைப் பார்த்தால் இதைவிட நல்ல மைதானம் ஏது என்றுதான் தோன்றும். வேண்டாம். அது ஊர்ச் சொத்து, ஆடு மாடு மேய்கிற இடம், வரத்துக்கால் கரைகளை டயர் உடைத்துவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் வேறு பக்கம் போய்விடும். மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்தே வாழ்ந்த பூமி இது, ஊருணிக்கும் கண்மாய்க்கும் வரும் வழியைக் கெடுத்துவிட்டு நாம் வண்டி பழக வேண்டியதில்லை. தவிர, உள்வாய் மண் மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் வண்டல் இளக்கமாக இருக்கும், பக்கவாட்டில் சறுக்குகிற சக்கரம் அதில் புதைந்தால் வண்டி குப்புற விழும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வேண்டியது ஒரு பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதத்தோடு. விதைக்காமல் கிடக்கிற செம்மண் பொட்டல். அளவு எவ்வளவு என்றால், பதினைந்து மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது முப்பது மீட்டர் காலி இடம். கணக்குப் போட்டால் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். அதைவிடக் குறைந்த இடத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

நிலம் கிடைத்ததும் வண்டியை உள்ளே விடாதீர்கள். இறங்கி நடங்கள், முழுக்க நடங்கள். நம் பக்கத்துப் புஞ்சைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய தரைமட்டக் கிணறு இருக்கும், சுற்றிப் புல் மண்டிக் கிடந்தால் பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கிராவல் அள்ளின குழி இருக்கும். அமுங்கிப்போன வரப்பு இருக்கும். அங்கே ஆடு மேய்க்கிறவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், அந்த நிலத்தைப் பற்றிப் பட்டாதாரரைவிட அவருக்கு அதிகம் தெரியும். "தம்பி, அந்தப் பனைமரத்துக்கு அங்கிட்டுப் போகாதீக, போன மழையில மண்ணு இறங்கிக் கிடக்கு" என்று ஒரு பெரியவர் சொல்வதை எந்த மேப்பும் சொல்லாது. கேட்ட கையோடு, எத்தனை மணிக்கு ஆடு திரும்பும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவேல முள்ளைப் பொறுக்கிப் போடுங்கள். காய்ந்த புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், அடியில் சைலன்சர் பழுக்கக் காய்ந்திருக்கும், புல் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் வண்டி எந்த வகை

நாலு சக்கரமும் சுற்றுகிறது என்பதால் எல்லாம் ஒன்றல்ல. இது தெரியாமல் பழகினால் ஒருவருக்குச் சரியாக வருவது இன்னொருவருக்கு வராது.

டஸ்டர் ஆல் வீல் டிரைவ், கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், ஹைரைடர், கோடியாக், எக்ஸ்யூவி 700 போன்றவை ஒரு வகை. அடிப்படையில் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. தேவைப்படும்போது ஒரு கப்ளிங் பின்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும். இதில் லாக் மோடு இருந்தால் பழகும்போது அதைப் போடுங்கள், பின்சக்கரம் எப்போது சேரும் எப்போது விலகும் என்கிற சந்தேகம் குறையும். ஒரு குறை, கப்ளிங் சூடேறும். வட்டமடித்துக்கொண்டே இருந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், அதன்பின் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். கொஞ்ச நேரம் ஓட்டினால் அதே அளவு நேரம் ஆறவிடுங்கள், நம் ஊர் வெயிலில் இது சும்மா சொல்கிற பேச்சில்லை.

ஜிப்ஸி, தார், ஜிம்னி, ஸ்கார்பியோ என் இன்னொரு வகை. லீவரையோ சுவிட்சையோ போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. அதனால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைக்கவே கூடாது, கியர்பெட்டியும் ஆக்ஸிலும் முறுக்கிக்கொள்ளும். சரளையில் டயர் வழுக்கிவிடுவதால் பரவாயில்லை. ஆனால் இவை உயரமான வண்டிகள். சறுக்கிப் பழக இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கையில் இருப்பது அதுதான் என்றால், கீழே சொல்கிற முதல் மூன்று படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எவோ, சுபாரு மாதிரி எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற, நடுவில் டிஃபரன்ஷியல் வைத்த வண்டிகள் மூன்றாவது. வைத்திருக்கிறவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. இப்போது ஹாரியர் எலக்ட்ரிக் போல முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார் வைத்தவையும் வந்துவிட்டன. இவற்றில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியின் ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, பிரேக் போலப் பிடிக்கும், அதனால் அதைக் குறைந்த அளவில் வைத்து ஆரம்பியுங்கள்.

குப்புற விழுவது பற்றி

தட்டையான தரையில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகிற வண்டி அப்படியே சறுக்கிக்கொண்டு போய் நின்றுவிடும். அது கவிழ்வது எப்போது என்றால், சறுக்குகிற சக்கரத்தை ஏதாவது தட்டி நிறுத்தும்போது. ஒரு வரப்பு, ஒரு கல், இளகின மண், பழைய டிராக்டர் தடம். சக்கரம் நின்றுவிடும், மேலே இருக்கிற எடை நிற்காது. வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு சுலபமாக இது நடக்கும். அதனால்தான் நிலத்தை நடந்து பார்க்கச் சொன்னேன். உங்கள் டயரே தோண்டிய தடமும் இதில் சேர்த்தி. ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அங்கே பள்ளம் விழுந்து வெளிப்பக்கத்தில் சரளை மேடு கட்டும். மேடு கணுக்கால் உயரம் வந்துவிட்டால் வளைவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மேலே கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி ஏற்றியே இருக்கட்டும், கவிழ்ந்தால் கை வெளியே போகக்கூடாது. சீட் பெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பின்சீட்டில் யாரும் வேண்டாம், டிக்கியில் கிடக்கிற ஜாக்கி, தண்ணீர்க் கேன், தேங்காய் மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். ஒரு ஆள் வெளியே இருப்பது நல்லது, ஆனால் அவர் நிற்க வேண்டிய இடம் வண்டி வளைவுக்குள் நுழைகிற பக்கம், தூரத்தில். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கக்கூடாது. வீடியோ நன்றாக வரும் என்று சொல்லி அங்கேதான் போய் நிற்பார்கள். "மச்சான், இங்கிட்டு வா, இல்லாட்டி வண்டிய எடுக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

டயர்

காற்று, கம்பெனி சொன்ன அளவு. மணலில் ஓட்டக் குறைப்பதுபோல இங்கே குறைக்கக்கூடாது. பக்கவாட்டில் அழுத்தம் வரும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நாலு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். இரண்டு புதுசு இரண்டு பழசு என்று இருந்தால் கப்ளிங் வீணாகச் சூடேறிக்கொண்டே இருக்கும். வீல் நட்டை இறுக்கிப் பாருங்கள். உட்காருவது கொஞ்சம் முன்னால்: முதுகு சாய்ந்திருக்கும்போது மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும், பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்வார்கள். காரிலும் அதேதான் நடக்கிறது. பிரேக் போட்டால் எடை முன்சக்கரத்துக்கு வரும், பின்சக்கரம் லேசாகும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் எடை பின்னால் போகும், முன்சக்கரம் லேசாகும். எடை இருக்கிற சக்கரத்துக்குத்தான் பிடிப்பு.

இன்னொன்று. ஒரு டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒரு அளவுதான். அதை வண்டியை இழுக்கவோ, நிறுத்தவோ, திருப்பவோ செலவழிக்கலாம். எல்லாவற்றுக்கும் முழுசாகக் கிடைக்காது. ஆல் வீல் டிரைவில் முன்சக்கரம்தான் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். வளைவுக்குள் ஆக்சிலேட்டரை மிதித்தால் எடை பின்னால் போய்விடுகிறது, மிச்சமிருக்கிற பிடிப்பையும் இழுப்பது தின்றுவிடுகிறது. திருப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. வேலியைப் பார்த்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆடி குவாட்ரோ 1981இல் உலக ராலி சாம்பியன்ஷிப்புக்கு வந்தபோது எல்லாரையும் மிரட்டியது அதன் இழுவை. அந்த வருஷமே மிஷெல் மூட்டோன் சான் ரெமோ ராலியை அதில் ஜெயித்தார், உலக ராலி ஒன்றை ஜெயித்த முதல் பெண். ஆனால் அந்த வண்டிக்கு இருந்த பெரிய குறையும் இதே மூக்குத் தள்ளல்தான், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்பாமல் நேராகப் போவது. ஹன்னு மிக்கோலா, ஸ்டிக் புளோம்க்விஸ்ட் போன்றவர்கள் அதைச் சரிசெய்தது இடதுகாலால் பிரேக் பிடித்து, வளைவுக்கு முன்பே எடையை முன்னால் கொண்டுவந்து. 1983இல் மிக்கோலாவும் 1984இல் புளோம்க்விஸ்ட்டும் உலகச் சாம்பியன் ஆனார்கள். நாம் பொட்டலில் பழகப்போவதும் அந்த வழியைத்தான், மிகச் சின்ன அளவில்.

முதல் படி: நேராகப் போய் நிறுத்துவது

சறுக்குவதற்கு முன்னால் நிறுத்தத் தெரிய வேண்டும். நாற்பதில் போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் காலுக்கு அடியில் கடகடவென்று தட்டும், விடாதீர்கள். லூஸான சரளையில் நிற்க உத்தேசமாகப் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் ஆகும். அறுபதில் போனால் இருபத்தெட்டு மீட்டருக்கு வந்துவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, தூரம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. நாலு சக்கரமும் இழுப்பது கிளம்பத்தான் உதவும், நிற்க ஒரு துளியும் உதவாது. இது காலுக்குப் புரியும் வரைக்கும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: வட்டம்

நடுவில் ஒரு பழைய டயரைப் போடுங்கள், கல் வேண்டாம். பதினைந்து மீட்டர் கயிறு பிடித்துச் சுற்றி நாலைந்து இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் குறி போடுங்கள். ஈஎஸ்பி, அதாவது வண்டி சறுக்கினால் தானாகவே பிரேக் பிடித்து அடக்குகிற ஏற்பாடு, ஆனிலேயே இருக்கட்டும். இரண்டாம் கியர், இருபது கிலோமீட்டர் வேகத்தில் வட்டமாகச் சுற்றுங்கள். மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள். முப்பதை நெருங்கும்போது இரண்டு விஷயம் நடக்கும்: வீல் ஆர்ச்சில் சரளை சடசடவென்று அடிக்கிற சத்தம் கூடும், கையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். அந்த லேசாகிற உணர்வுதான் முன்சக்கரம் பிடிப்பை விடுகிற நேரம். கண்ணால் பார்த்துத் தெரிவதற்கு முன்னால் கையில் தெரிந்துவிடும்.

அப்போது எல்லாருக்கும் கை இன்னும் திருப்பத்தான் போகும். திருப்பாதீர்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடுங்கள், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திறங்கள், அதாவது நேர்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். பிடிப்பு திரும்ப வரும், வண்டி உள்ளே வரும். இரண்டு திசையிலும் செய்யுங்கள். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் இடது வட்டத்தில் தூரம் கணிப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கும், அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

மூன்றாம் படி: காலை எடுப்பது

அதே வட்டம், மூக்கு தள்ள ஆரம்பிப்பதற்குச் சற்று முன் இருக்கிற வேகம். இப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று முழுசாக எடுங்கள். எடை முன்னால் வரும், மூக்கு உள்ளே கடிக்கும், பின்பக்கம் கொஞ்சம் வெளியே நகரும். இடுப்பில் தெரியும் அது. ஈஎஸ்பி விளக்கு மினுக்கினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சின் பிடிப்பு குறைவாக இருக்கும், மேனுவல் மோடில் இரண்டாம் கியரில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கைத் தவிர இன்னொரு வழி இருக்கிறது என்பது இந்தப் படியில்தான் உடம்புக்குப் புரிகிறது. அவசரப்படாமல் இங்கே நிறைய நேரம் செலவழியுங்கள். உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் மழைக்காலத்தில் கண்மாய்க்கரை ரோட்டில் வண்டி வழுக்கினால் என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

நான்காம் படி: பிரேக்கோடு உள்ளே போவது

இதுதான் விஷயத்தின் மையம். இப்போது ஈஎஸ்பியை ஆஃப் செய்யுங்கள். பல வண்டிகளில் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் முழுசாக ஆஃப் ஆகாது; உங்கள் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் வந்து தொண்ணூறு டிகிரி திரும்புகிற மாதிரி ஒரு வளைவைப் பழைய டயர்களால் குறியுங்கள்.

நாற்பதில் வாருங்கள். நேராக இருக்கும்போதே நன்றாகப் பிரேக் பிடியுங்கள். முப்பதுக்கு வந்ததும் பிரேக்கை முழுசாக விடாமல், மேலோட்டமாக அழுத்தின நிலையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பியுங்கள். திருப்பத் திருப்ப பிரேக்கை விட்டுக்கொண்டே வாருங்கள். முன்சக்கரத்தில் எடை இருக்கிறது, அது கடிக்கும். பின்சக்கரம் லேசாக இருக்கிறது, அது வெளியே வீசும். வீச ஆரம்பித்ததும் பிரேக் முழுக்க விட்டாக வேண்டும். கண் வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கட்டும், கை கண் பார்க்கிற திசைக்கு ஸ்டியரிங்கைத் திறக்கட்டும், அப்புறம் ஆக்சிலேட்டர். எல்லாம் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும்.

கடைசிப் பகுதியில்தான் ஆல் வீல் டிரைவ் மற்ற வண்டியிலிருந்து பிரிகிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியில் வால் வீசினால் எதிர்ப்பக்கம் நிறையத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. முன்சக்கரமும் இழுக்கிறது என்பதால் அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். எதிர்ப்பக்கம் அதிகமாகத் திருப்பிவைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உங்களை வளைவுக்கு வெளியேதான் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டியரிங்கை நேருக்கு அருகில் கொண்டுவந்தால் போதும், பெரும்பாலும் அதற்கு மேல் வேண்டியதில்லை. முன்சக்கரம் வெளியேறும் பாதையைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரைத் தயங்காமல், ஒரே சீராகக் கொடுங்கள். பாதி மனதோடு கொடுத்து எடுத்தால் வால் மறுபடியும் வீசும்.

வண்டி சுழல ஆரம்பித்துவிட்டது, இனிமேல் திருப்ப முடியாது என்று தெரிந்தால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக மிதியுங்கள். ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கட்டைவிரலை விடாதீர்கள், குழியில் தட்டினால் சுழற்றி அடிக்கும். நின்றதும் மூச்சு விட்டுவிட்டு அடுத்த முறை ஐந்து கிலோமீட்டர் குறைத்து வாருங்கள்.

இறங்கி மண்ணைப் பாருங்கள்

செம்மண் தருகிற பாடம் வேறெங்கும் கிடைக்காது. ஒவ்வொரு சில ஓட்டத்துக்கும் இறங்கி உங்கள் தடத்தை நடந்து பாருங்கள். வண்டி சாதாரணமாகத் திரும்பியிருந்தால் பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்துக்கு உள்பக்கமாகப் போயிருக்கும். வால் வீசியிருந்தால் பின்தடம் முன்தடத்தைக் குறுக்கே தாண்டி வெளிப்பக்கம் போய், அதன் ஓரத்தில் சரளை சின்ன வரப்பாகக் குவிந்திருக்கும். மூக்கு தள்ளியிருந்தால் முன்தடம் டயர் அகலத்தைவிட அகலமாக, வழித்துப் போட்ட மாதிரி, பட்டன் அச்சு இல்லாமல் இருக்கும். எங்கே பின்தடம் வெளியே தாண்டுகிறது என்று பாருங்கள். அது வளைவின் நடுவில் இருந்தால் தாமதமாகிவிட்டது, நீங்கள் ஆக்சிலேட்டரால் வால் வீச வைக்கப் பார்த்திருக்கிறீர்கள். திருப்ப ஆரம்பித்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே தாண்டியிருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். வீடியோவைவிட இது உண்மையைச் சொல்லும்.

கோணமும் தெரியும். பின்தடம் ஒரு டயர் அகலம், இரண்டு டயர் அகலம் வெளியே போனால் நல்ல சறுக்கல். அரை வண்டி அகலம் போனால் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் வேகம் அங்கேயே செத்துவிடுகிறது, அடுத்த வளைவுக்கு நீங்கள் தயாராக இருக்க மாட்டீர்கள்.

இப்போதைக்கு வேண்டாதவை

ஹேண்ட் பிரேக் இழுத்துத் திருப்புவது. ஆல் வீல் டிரைவில் பின்சக்கரத்தைப் பூட்டினால் அது கப்ளிங் வழியாக முன்சக்கரத்தையும் பிடிக்கும், எஞ்சின் ஆஃப் ஆகலாம், கப்ளிங் கெடலாம். ராலி கார்களில் ஹேண்ட் பிரேக் இழுத்தால் நடு இணைப்பு விடுபடுகிற ஏற்பாடு இருக்கும், நம் வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் வைத்த வண்டியில் அதைத் தொடவே வேண்டாம்.

இடதுகால் பிரேக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது வருகிற கார்களில் பெரும்பாலும் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால் கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியை வெட்டிவிடும். அது போக, கிளட்ச் மிதித்தே பழகின இடதுகாலுக்கு மென்மையாக அழுத்தத் தெரியாது.

ஊசி வளைவுக்கு ஸ்காண்டினேவியக்காரர்கள் செய்கிற வித்தை ஒன்று இருக்கிறது, முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி, காலை எடுத்து, வண்டி ஊசலாடித் திரும்புகிற வேகத்தில் உள்ளே வீசுவது. நான்காம் படி நூல் பிடித்த மாதிரி வந்த பிறகு குறைந்த வேகத்தில் முயற்சி செய்யலாம். உயரமான வண்டியில் கூடவே கூடாது, முதலில் ஒரு பக்கம் சாய்த்து உடனே மறுபக்கம் சாய்ப்பதுதான் கவிழ்க்கச் சிறந்த வழி.

மழை பெய்தால் பாடம் மாறிவிடும். லேசான தூறலுக்குப் பிறகு புழுதி அடங்கி, பிடிப்பு கொஞ்சம் கூடி, ஓட்ட அருமையாக இருக்கும். நன்றாக ஊறிவிட்டால் சரளைக்கு நடுவில் இருக்கிற செம்மண் வெண்ணெயாகிவிடும், டயர் பட்டன் அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டி முடித்த பிறகு

எஞ்சினை உடனே ஆஃப் செய்யாமல் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள், டர்போ வண்டி என்றால் கட்டாயம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், நம் புழுதி அதை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள். முன்சக்கர ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, டயர் பக்கவாட்டில் வெட்டு இருக்கிறதா, ரிம் ஓரத்தில் சரளை சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சக்கரத்திலிருந்து கிரீச்சென்று இடைவிடாமல் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுக்கும் நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கும். கொஞ்ச தூரம் ரிவர்ஸில் போய் ஒரு பிரேக் போட்டால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

இதற்கு மேல் ஆசை இருந்தால் பொட்டலில் தனியாகப் பழகிக்கொண்டிருப்பதைவிட முறையான போட்டிக்குப் போவது நல்லது. இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்குப் பொறுப்பு எஃப்எம்எஸ்சிஐ என்கிற மோட்டார் பந்தய கிளப்களின் கூட்டமைப்பு, போட்டி லைசென்ஸ் கொடுப்பதும் அவர்கள்தான். ராலி ஓட்டுவதில் நம் மாநிலத்தில் கோயம்புத்தூர்தான் தலைநகரம், காரைக்குடியிலிருந்து ஒரு பகல் பயணம். ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 என்று மூன்று முறை ஜெயித்து, 2019இல் மோட்டார் பந்தயத்துக்காக முதல் அர்ஜுனா விருது வாங்கின கௌரவ் கில் ஸ்கோடா ஃபேபியா ராலி காரில் ஓட்டினதைத் தேடிப் பாருங்கள். பார்க்கும்போது வால் எவ்வளவு வீசுகிறது என்பதை விட்டுவிட்டு, வளைவுக்கு எவ்வளவு முன்னால் வண்டி திரும்ப ஆரம்பித்துவிடுகிறது என்று கவனியுங்கள்.